பழைய பிக்கப் டிரக்குகளின் டிரம் பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவர்லே 3100, சி10, ஃபோர்டு எஃப்-100, டாட்ஜ் போன்ற 1950, 60களின் அமெரிக்க பிக்கப் டிரக்குகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். நான் ஓட்டுவது 1965 சி10. அதன் பிரேக் வேலை முழுவதையும் வீட்டு கராஜிலேயே செய்கிறேன். இதே காலத்து வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். டிரம் பிரேக் மோசம் என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்பட்ட டிரம் பிரேக்கை ஒரு முறைகூட மிதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

டிரம்முக்குள் என்னதான் நடக்கிறது?

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டரை விரிக்கும், அது லைனிங் என்ற உராய்வுப் பட்டை பொருத்திய, வளைந்த இரண்டு ஷூக்களையும் சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பெண்டிக்ஸ் என்ற வகை பிரேக்கில் இதற்கு மேல் ஒரு வேலை நடக்கிறது. முன்பக்கம் பார்த்த ஷூ டிரம்மைத் தொட்டதும் டிரம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுப்பு கீழே இரு ஷூக்களையும் இணைக்கும் அட்ஜஸ்டர் திருகு வழியாகப் பின் ஷூவுக்குப் போகும். பின் ஷூ மேலே இருக்கும் ஆங்கர் பின்னில் முட்டி நின்று, டிரம்மை இன்னும் பலமாக அழுத்தும். அதாவது சுழலும் டிரம்மே பிரேக்குக்குப் பலம் கொடுக்கிறது. மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லாமல் இத்தனை கனமான வண்டி நிற்பது இதனால்தான். ஒரு பக்கத்தில் சின்னக் கோளாறு வந்தாலும் அது பெரிதாகத் தெரிவதற்கும் இதே காரணம்தான்.

எல்லாப் பழைய பிக்கப்களிலும் இதே அமைப்பா?

இல்லை. 1950 வரை வந்த அரை டன் செவர்லேயில் ஹக் என்ற வகை பிரேக் இருந்தது. அதில் ஒவ்வொரு ஷூவும் கீழே தனித்தனியாக மாட்டப்பட்டிருக்கும். அட்ஜஸ்ட் செய்யும் பல் சக்கரம் வீல் சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும். 1951 முதல் பெண்டிக்ஸ் வந்துவிட்டது. பெண்டிக்ஸுக்கு உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும், ஹக்குக்குத் தேட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் பெண்டிக்ஸை மனதில் வைத்துத்தான்.

டிரம் கழலவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

முதலில் ஹேண்ட் பிரேக் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது அட்ஜஸ்டர். பல வருடம் ஓடிய டிரம்மில் ஷூ உரசும் இடம் பள்ளமாகி, விளிம்பில் ஒரு மேடு நின்றுவிடும். ஷூ அந்த மேட்டில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு இழுத்தாலும் வராது. பேக் பிளேட்டின் (ஷூக்களைத் தாங்கும் பின் தகடு) கீழே இருக்கும் துளை வழியாக அட்ஜஸ்டரின் பல் சக்கரத்தைத் தளர்த்தினால் பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடும். தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டி என்றால், அதன் நெம்புகோலை ஒரு மெல்லிய கம்பியால் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பல் சக்கரத்தைத் திருப்ப முடியும்.

அதற்கும் வரவில்லை என்றால் நடுவில், ஹப்பும் டிரம்மும் சேரும் இடத்தில் துரு பிடித்திருக்கும். துருப்பிடிப்பை இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் போல்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் தட்டையான பகுதியைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். வெளி விளிம்பில் மட்டும் அடிக்காதீர்கள். வார்ப்பிரும்பு, விண்டுவிடும்.

இன்னொன்று: பழைய டாட்ஜ் வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, அதாவது கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். போல்ட் முனையில் அதற்கான எழுத்து பொறித்திருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி, போல்ட்டை முறித்தவர்கள் நிறைய பேர்.

உள்ளே தூசி அடைந்து கிடக்கிறது. காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. உங்கள் வண்டியில் இருப்பது பழையதா புதியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நுரையீரலுக்குள் போனால் அது வெளியே வராது, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கலந்து தெளித்து, ஊறவிட்டு, ஈரமாகவே துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். உலர்ந்த பிரஷ்ஷும் வேண்டாம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பெடல் தரையை நோக்கிப் போகிறது. இரண்டு முறை பம்ப் செய்தால் மேலே வருகிறது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் வெறும் அட்ஜஸ்ட்மென்ட்தான். லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். முதல் மிதியில் அந்த இடைவெளியைக் கடக்கவே ஆயில் செலவாகிவிடும். இரண்டாம் மிதியில் ஷூ ஏற்கெனவே வெளியே நிற்பதால் பெடல் உயரமாகப் பிடிக்கும்.

பெடல் எப்படி இருக்கிறது என்பதைக் காலால் கவனியுங்கள். கீழே போனாலும் பிடித்த பிறகு கல் மாதிரி நின்றால் அட்ஜஸ்ட்மென்ட். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. உயரத்தில் பிடித்து, காலை எடுக்காமல் வைத்திருக்கும்போது மெதுவாகக் கீழே இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் ஆயிலைத் தாண்டவிடுகிறது, அல்லது எங்கோ கசிவு இருக்கிறது. வெளியே சொட்டு தெரியவில்லை என்பதற்காகக் கசிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வீல் சிலிண்டர் முனையில் இருக்கும் ரப்பர் உறையைச் சற்றே விலக்கிப் பாருங்கள். அதற்குள் ஆயில் தேங்கியிருந்தால் அந்த சிலிண்டர் முடிந்தது.

யாருக்கும் சட்டென்று தோன்றாத ஒரு காரணமும் உண்டு. முன் சக்கர பேரிங் தளர்ந்திருந்தால் டிரம் ஆடும். ஆடும் டிரம் ஷூக்களை உள்ளே தட்டிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் இறங்கும். வளைவான சாலையில் ஓட்டிய பிறகு மட்டும் பெடல் தாழ்ந்தால் பேரிங்கை முதலில் பாருங்கள்.

அட்ஜஸ்ட் செய்வது எப்படி?

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வேலை வேண்டாம். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிடுங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் பின் ஷூக்கள் ஆங்கர் பின்னில் முழுதாக உட்காராது, நீங்கள் செய்யும் அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் வீண். பெடலை ஒரு முறை பலமாக மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வையுங்கள். பிறகு துளை வழியாகப் பல் சக்கரத்தை, டயரைக் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்குங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தி, சுற்றும்போது ‘ஸ்ஸ்’ என்று லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். நான்கிலும் ஒரே சத்தம் வர வேண்டும். கடைசியாக ஹேண்ட் பிரேக் கேபிள்.

துளையை மூடும் ரப்பர் மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் மண்ணும் நேராக உள்ளே போகும்.

தானியங்கி அட்ஜஸ்டர் உள்ளவர்கள் ரிவர்ஸில் போய்ச் சில முறை பிரேக் மிதித்தால் போதும், அது பின்னோக்கிப் போகும்போதுதான் வேலை செய்யும். அட்ஜஸ்டர் திருகுகளில் இடது, வலது என்று உண்டு. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு முறையும் இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும்.

பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் பிடிக்கிறது, அல்லது எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை. இரண்டையும் திறந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். டயர் காற்றையும் அட்ஜஸ்ட்மென்ட்டையும் சரிபார்த்த பிறகு லைனிங்கைப் பாருங்கள். கிரீஸோ பிரேக் ஆயிலோ பட்ட லைனிங் வழுக்கும் என்றுதான் நினைப்போம். இந்த வகை பிரேக்கில் கொஞ்சமாகப் பட்டால் பல நேரம் அது வெடுக்கென்று கவ்விக்கொள்ளும்.

என் சி10 இரண்டு வருடம் முன்பு வலப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஷூ புதிது, வீல் சிலிண்டர் புதிது, அட்ஜஸ்ட்மென்ட் சரி. ஒரு சனிக்கிழமை முழுவதும் இடப்பக்கத்தைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். கடைசியில் இடது ரப்பர் ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், காற்று போகவில்லை. கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். வெளியே பளபளவென்று இருந்த ஹோஸுக்குள் ரப்பர் ஊதிப்போய், நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சம். நான் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் இடப்பக்கம் போய்ச் சேரவே இல்லை. அன்றிலிருந்து, எப்போது போட்டது என்று தெரியாத ரப்பர் ஹோஸ் எதையும் நான் விட்டுவைப்பதில்லை. மூன்றையும், அதாவது முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று, சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பின் சக்கரத்தில் லைனிங் நனைந்திருந்தால் அது பிரேக் ஆயிலா ஆக்ஸில் ஆயிலா என்று முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் உண்டு. ஆயில் சீலை மாற்றுவதற்கு முன் ஆக்ஸில் மேல் இருக்கும் காற்றுத் துளையைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வரும். நனைந்த ஷூவைக் கழுவி மறுபடி போட வேண்டாம். போடும்போது இரு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.

பிரேக் விட மாட்டேன் என்கிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் சக்கரம் கொதிக்கிறது.

பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே சோதித்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) சற்றுத் திறவுங்கள். ஆயில் பீய்ச்சியும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு இயந்திரப் பகுதியில்: துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் கேபிள், தளர்ந்த ஸ்பிரிங், பேக் பிளேட் பள்ளத்தில் மாட்டிய ஷூ. சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. நிப்பிளை மூடி, பெடலை மிதித்து மறுபடி பிடிக்க வைத்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் பைப்பைத் தளர்த்துங்கள். அங்கே விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். விடாவிட்டால் நடுவில் இருக்கும் ஹோஸில். ஊதிய ஹோஸ் ஒரு வழி வால்வு மாதிரி ஆயிலைப் போகவிட்டுத் திரும்ப விடாது.

நான்கு சக்கரமும் பிடிக்கிறது என்றால் முதலில் பெடல் தளர்ச்சியைப் பாருங்கள். விரலால் தள்ளினால் கால் அங்குலம் போல வெறுமனே போய், பிறகுதான் தள்ளுகோல் பிஸ்டனைத் தொட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழி இல்லாமல் பிரேக்கைத் தானே அழுத்த ஆரம்பிக்கும். குளிர்ந்ததும் சரியாகிவிடும், அதனால் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது எதுவும் இருக்காது.

பெடல் காலடியில் துடிக்கிறது.

டிரம் வட்டமாக இல்லை. ஆளில்லாத சமதளச் சாலையில் மெதுவாகப் போகும்போது, விடுவிக்கும் பிடியில் கை வைத்தபடி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெல்லப் போடுங்கள். துடிப்பு இருந்தால் பின் டிரம், இல்லாவிட்டால் முன் டிரம். காற்றுத் துப்பாக்கியால் நட்டை ஏற்றத்தாழ்வாக இறுக்குவது இதற்கு ஒரு காரணம். கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக் போட்டு ஆறவிடுவது இன்னொன்று.

கீச்சென்று சத்தம்?

பேக் பிளேட்டில் ஷூவின் விளிம்பு உட்காரும் ஆறு மேடைகளைப் பாருங்கள். உலர்ந்திருந்தால் சூடு தாங்கும் கிரீஸை நகக்கண் அளவு தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பள்ளம் விழுந்திருந்தால் வெல்டிங்கால் நிரப்பி அரத்தால் மட்டமாக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிய இரும்பில் வெல்டிங் வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஈரம் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு ஆகும், உயிரையே வாங்கும்.

ஷூ மாற்றும்போது எங்கே தவறு நடக்கிறது?

நீளம் குறைந்த லைனிங் உள்ள ஷூ முன்பக்கம், அதாவது வண்டியின் மூக்கைப் பார்த்து. நீளமானது பின்பக்கம். முன்னோக்கிப் போகும்போது பெரும்பகுதி வேலையைப் பின் ஷூதான் செய்கிறது, அதனால் அதற்கு லைனிங் அதிகம். பெட்டியிலிருந்து நான்கையும் கொட்டி, ஒரு சக்கரத்தில் இரண்டு நீளமும் மறு சக்கரத்தில் இரண்டு குட்டையும் போட்டுவிட்டு, வண்டி ஏன் இழுக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் உங்கள் மாதிரிப் படம். ஸ்பிரிங்குகள் மலிவு, சூட்டில் நிறம் மாறியதையும் நீண்டுபோனதையும் தூக்கிப் போடுங்கள். ஸ்பிரிங் மாட்ட அதற்கென்றே இருக்கும் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிங் பிளையரால் இழுத்தால் அது நழுவி முகத்தில் அடிக்கும், கண்ணாடி போடாமல் செய்யவே செய்யாதீர்கள். கிரீஸ் கையோடு லைனிங்கைத் தொடாதீர்கள்.

அடுத்து, யாரும் செய்யாத ஆனால் பலன் அதிகமுள்ள வேலை. லைனிங் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, டிரம்முக்குள் கையால் அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சாக் அழிந்த இடம்தான் தொடும் இடம். நடுவில் தொட்டு இரு முனையும் மயிரிழை விலகியிருந்தால் நல்லது. முனைகள் மட்டும் தொட்டால் பிரேக் வெடுக்கென்று கவ்வும், சத்தம் போடும். ஒரு காலத்தில் ஷூவை டிரம்மின் வளைவுக்கு ஏற்ப அரைத்துக் கொடுக்கும் இயந்திரம் பட்டறைக்குப் பட்டறை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்குப் பயந்து அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டார்கள். இன்னும் அந்த வேலை செய்பவர் பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள்.

பழைய கடையிருப்பு ஷூ என்று பெருமையோடு விற்பதை நான் வாங்க மாட்டேன். ஐம்பது வருடம் அலமாரியில் இருந்த பசை, லைனிங்கை இரும்போடு பிடித்துவைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

டிரம்மை லேத்தில் எவ்வளவு கடையலாம்?

பொதுவாக, முதல் அளவைவிட விட்டம் 0.060 அங்குலம் கூடினால் அந்த டிரம் கழிவு. 11 அங்குல டிரம் என்றால் 11.060. கடைந்த பிறகும் தேய்மானத்துக்கு இடம் வேண்டும் என்பதால் 0.030-ஐத் தாண்டிக் கடைவதை நான் விரும்புவதில்லை. பழைய டிரம்களில் இந்த எல்லை பொறித்திருக்காது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரே ஆக்ஸிலின் இரண்டு டிரம்மும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும்.

எந்த பிரேக் ஆயில்?

டாட் (DOT, பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) 3 அல்லது 4. இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 கொதிப்பது 205 டிகிரி செல்சியஸில், ஈரம் ஏறினால் 140-லேயே கொதிக்கும். ஈரம் சிலிண்டரையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்ட்டை அரிக்காது. வருடத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் மற்றவற்றோடு கலக்கக் கூடாது, முழு அமைப்பையும் புதிதாக்கும்போதுதான் மாற வேண்டும். டாட் 5.1 சிலிக்கான் அல்ல, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டு விட்டாலும் எல்லா ரப்பரும் ஊதி நாசமாகும்.

பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க வண்டியில் அது வலது பின், பிறகு இடது பின், வலது முன், இடது முன். தொட்டி காலியாக விடாதீர்கள். 3100 போன்ற பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே இருக்கும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியிருக்கும் மண்ணை முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் பாதித் தூரம்தான் போகும், அதற்கு அப்பால் இருக்கும் சுவர் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும். காற்று எடுக்கும் அவசரத்தில் பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். காலையில் நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் மாலையில் போய்விட்டது என்று சொல்பவர்கள் எல்லாம் இதைத்தான் செய்திருப்பார்கள்.

பைப் லேசாகத் துருப்பிடித்திருக்கிறது. ஒட்டுப் போடலாமா?

வேண்டாம், மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் சாதாரணச் செம்புக் குழாய் கூடாது. பிரேக்குக்கென்றே வரும் இரும்பு அல்லது செம்பு-நிக்கல் பைப்தான், முனை இரட்டை மடிப்போடு.

மலை இறக்கத்தில் பிரேக் மங்குகிறதே?

டிரம் சூடானால் விரியும், அதாவது ஷூவிடமிருந்து விலகும். பெடல் இறங்கும், மிதி கனக்கும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், தொடர்ந்து மிதித்தபடி வராமல் விட்டு விட்டு மிதியுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரம் லேசாக மிதித்தபடி ஓட்டி உலர்த்துங்கள். காலி பிக்கப்புக்குப் பின்னால் பாரமே இல்லை, ஈரச் சாலையில் பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டு வால் சுழலும். மழைக்காலத்தில் முன்வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன்.

பேசாமல் டிஸ்க் பிரேக் போட்டுவிடலாமா?

தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், பாரம் இழுப்பவர் போடலாம். செவர்லேயே 1971-ல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் கொடுத்துவிட்டது. ஆனால் டிஸ்க்குக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 1966 வரை வந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரே ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 1967 முதல் செவர்லேயிலும் ஃபோர்டிலும் இரட்டை அறை வந்தது, முன் பின் தனித்தனி. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் வண்டியை நிறுத்தும். டிரம்களை அப்படியே வைத்துக்கொண்டு இரட்டை அறைக்கு மட்டும் மாறலாம், நான் அதைத்தான் செய்தேன். டிரம்முக்கு ஏற்றதை வாங்குங்கள். வீல் சிலிண்டர் கப்புகள் காற்றை உறிஞ்சாமலிருக்க லைனில் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) போல மிச்ச அழுத்தம் வேண்டும், அதற்கான வால்வு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். தள்ளுகோலின் நீளத்தை, மேலே சொன்ன கால் அங்குலத் தளர்ச்சி வரும்படி மறுபடி சரிசெய்யுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

பிரேக் ஆயில் அளவை மாதம் ஒரு முறை. தானியங்கி அட்ஜஸ்டர் இல்லாத வண்டியில் அட்ஜஸ்ட்மென்ட்டை எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம். வருடத்துக்கு ஒரு முறை நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். ரிவிட் அடித்த லைனிங் என்றால் ரிவிட் தலைக்கு மேல் 1/32 அங்குலம், ஒட்டிய லைனிங் என்றால் 1/16 அங்குலம் மிச்சமிருக்கும்போதே மாற்றுங்கள். புது ஷூ போட்ட நாள் நேராக நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ஆளில்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து மெதுவாகக் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டு, இருபது முறை போல மிதித்துப் பழக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கு டிரம்முக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள், தொடாமல். இடமும் வலமும் ஒரே சூடாக இல்லாவிட்டால், ஆறியதும் அந்த ஆக்ஸிலின் அட்ஜஸ்ட்மென்ட்டை மறுபடி பாருங்கள்.